குழந்தை தூங்கினாள், அம்மா தூங்கவில்லை: முதல் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

முதலில் என் கண்ணில் பட்டது அந்த நோட்டுதான். கோடு போட்ட சாதாரண நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதி, அதன் கீழே மணியும் நிமிடமும். "2.10 இடது, 14 நிமிடம். 2.31 துணி மாற்றினேன். 2.40 தூங்கினாள். 2.55 மூச்சு பார்த்தேன். 3.10 மூச்சு பார்த்தேன். 3.25 மூச்சு பார்த்தேன். 3.50 அழுகை." குழந்தைக்கு ஏழாவது வாரம். எடை பார்க்க வந்திருந்த தாயிடம், ஒரு நாளைக்கு எத்தனை முறை பால் குடிக்கிறாள் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் நோட்டைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

பக்கத்தில் நின்ற இளம் செவிலியர், "எவ்வளவு பொறுப்பா எழுதியிருக்காங்க பாருங்க" என்றார். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. எடையும் நன்றாக ஏறியிருந்தது. அப்புறம்தான் முந்தைய இரவின் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். இரவு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை 22 குறிப்புகள். அந்த ஏழு மணி நேரத்தில் குழந்தை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தாள். அம்மா தூங்கியிருக்கக்கூடிய இடைவெளி ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை.

நான் தாய்சேய் நலப் பிரிவில் செவிலியர். மனநல ஆலோசனையிலும் பயிற்சி பெற்றவள். இங்கே எழுதுவதில் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயர்கள் இல்லை.

பின்னணி

தாய்க்கு வயது 29. கணக்கு எழுதும் வேலை. கணவருக்கு 33. இருவரும் ஆசைப்பட்டுப் பெற்ற முதல் குழந்தை. 19 மணி நேரம் வலி. கடைசியில் அவசரமாக அறுவை சிகிச்சை. பெண் குழந்தை, 2.9 கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதாள். மாமியார் அவர்களுடனேயே இருக்கிறார். கணவர் பன்னிரண்டாம் நாள் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

இன்னும் ஒரு விஷயம் இருந்தது. அவருடைய அம்மா மூன்று வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். கர்ப்பகாலக் குறிப்பேட்டில், குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா என்று கேட்கும் கட்டத்தில் "தாய்: இல்லை" என்று எழுதியிருந்தது. நோய் இல்லை என்று நாங்கள் எல்லோரும் படித்துக்கொண்டோம். அம்மா இல்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். பெற்ற தாயை இழந்த பெண்ணுக்குக் குழந்தை பிறக்கும்போது அந்த இழப்பு புதிதாகத் திரும்பி வரும். அதைக் கேட்பதற்கென்று எங்கள் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

கல்லூரி நாட்களில் ஒருமுறை நாலைந்து மாதம் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், வகுப்புக்கும் போகாமல் இருந்திருக்கிறார். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, வைத்தியமும் பார்க்கவில்லை. முன்பு மனச்சோர்வு வந்திருந்தால் பிரசவத்துக்குப் பிறகு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இதையும் யாரும் கேட்டிருக்கவில்லை.

நாலாம் நாளும் மூன்றாம் வாரமும்

நாலாம் நாள் அவர் காரணமில்லாமல் அழுதிருக்கிறார். "இது சகஜம்மா, ரெண்டு வாரத்துல தானா போயிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். சொன்னது சரிதான். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், கர்ப்பத்தில் பல மடங்கு உயர்ந்திருந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சில நாட்களுக்குள் சடாரென்று இறங்கிவிடும். தூக்கமின்மையும் வலியும் அதோடு சேர்ந்துகொள்ளும். பேபி ப்ளூஸ் என்று சொல்லப்படும் இந்த அழுகையும் தடுமாற்றமும் பிரசவித்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வருகிறது. இரண்டு மூன்றாம் நாள் தொடங்கி, நாலைந்தாம் நாள் உச்சத்துக்குப் போய், இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். மருந்து தேவையில்லை.

ஆனால் பதினைந்தாம் நாள் யாராவது திரும்பிப் போய், "போய்விட்டதா?" என்று கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனது நான்தான். கூடத்தில் மாமியாரும் இன்னும் இரண்டு உறவினர்களும் உட்கார்ந்திருந்தார்கள். குழந்தையைப் பார்த்தேன், தையலைப் பார்த்தேன், தொப்புளைப் பார்த்தேன். கிளம்பும்போது வாசலில் நின்றபடி, "எல்லாம் சரியா இருக்கா?" என்றேன். "சரி" என்றார். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் அப்படிக் கேட்டால் "சரி" என்பதைத் தவிர ஒரு மருமகள் வேறு என்ன சொல்ல முடியும்? அந்த வாரமே அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டிருந்தால் ஒரு மாதம் முன்னதாகவே உதவி கிடைத்திருக்கும். இந்த ஆய்வை எழுத உட்கார்ந்ததற்கு அந்த "சரி"யும் ஒரு காரணம்.

கதவைச் சாத்திய பிறகு

ஏழாவது வாரத்துக்குத் திரும்புகிறேன். குழந்தையை மாமியாரிடம் கொடுத்து வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினேன். சோகமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் வரும். நோட்டைக் காட்டி, "குழந்தை தூங்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருதா?" என்று கேட்டேன்.

நீண்ட நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணை மூடினா மூச்சு நின்னுடுமோன்னு இருக்கு."

"யாருக்கு?"

"அவளுக்கு." கொஞ்சம் கழித்து, "எனக்கும்" என்றார்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் தூக்கம் கெடுவது இயற்கை; எந்த அம்மாவும் களைத்துத்தான் இருப்பார். ஆனால் குழந்தை தூங்குகிறது, வேறொருவர் பார்த்துக்கொள்கிறார், உடம்பு கெஞ்சுகிறது, அப்போதும் தூக்கம் வரவில்லை என்றால் அது வெறும் களைப்பு இல்லை. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு பலரிடம் அழுகையாக வராது. பயமாக, ஓயாத சரிபார்த்தலாக, எரிச்சலாக, மரத்துப்போன முகமாக வரும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குச் 'சமர்த்து' மாதிரி தெரியும். இவரையும் எல்லோரும் பாராட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

எடின்பரோ மனச்சோர்வு வினாத்தாளைக் கொடுத்தேன். 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட பத்துக் கேள்விகள் அவை. கடந்த ஏழு நாட்களைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. தூக்கக் கலக்கம், உடல்வலி மாதிரி எல்லாப் பிரசவத்திலும் இருக்கக்கூடியவற்றைப் பெரிதாகக் கணக்கில் எடுக்காமல் மனநிலையை மட்டும் கேட்பது அதன் சிறப்பு. 13-ம் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். பல இடங்களில் 10-லிருந்தே கவனிக்கிறார்கள். நோய் இதுதான் என்று முடிவு சொல்லும் பரிசோதனை அல்ல இது. யாரிடம் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டித் தரும், அவ்வளவுதான். இவருக்கு 17 வந்தது.

பத்தாவது கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் இந்தக் கேள்வியில் 0 தவிர எது வந்தாலும் அன்றே பேசிவிட வேண்டும். அவர் 1 போட்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, எப்படி என்று யோசித்ததுண்டா? இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்ட பிறகு தோள் தளர்ந்து உட்கார்ந்தவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். "செத்துப்போகணும்னு இல்ல. நான் இல்லைன்னா இவளுக்கு வேற நல்ல அம்மா கிடைப்பாங்கன்னு தோணும்" என்றார். திட்டம் எதுவும் இருக்கவில்லை.

படிக்கட்டு

மாடியில் வீடு. ஐந்தாவது வாரத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர் படியிறங்குவதே இல்லை. அறுவைத் தையல் வலிக்கிறது என்று மாமியாரிடம் சொல்லியிருந்தார். உண்மைக் காரணத்தை என்னிடம் சொல்ல அவருக்கு 20 நிமிடம் பிடித்தது. படியின் மேல் நின்றால், குழந்தை கைநழுவி விழுவது மாதிரி ஒரு காட்சி வந்துபோகும். சில நேரம் கைநழுவாது. தானே தூக்கிப் போடுவது மாதிரி வரும். "இதைச் சொன்னா குழந்தையை எங்கிட்டேர்ந்து வாங்கிடுவீங்கதானே?" என்று கேட்டார். கேட்கும்போது கைகள் நடுங்கின.

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இப்படி அழையாமல் வந்து நுழையும் எண்ணங்கள் புதுத் தாய்மாருக்கு மிகச் சாதாரணமாக வருபவை, தந்தையருக்கும் வரும். வந்ததும் அருவருப்பும் திகிலும் ஏற்படுகிறது. அந்த எண்ணத்திலிருந்து குழந்தையைக் காப்பாற்றத்தான் அவர்கள் ஓடுகிறார்கள். கத்தியை ஒளித்துவைப்பது, குளிப்பாட்ட மறுப்பது, படியிறங்காமல் இருப்பது எல்லாம் இந்த வகைதான். இந்த எண்ணம் வருவதால் அந்தத் தாய் குழந்தைக்குத் தீங்கு செய்வார் என்று அர்த்தமாகாது.

இதிலிருந்து அடியோடு வேறானது பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ், அதாவது எது நிஜம் என்பதே தெரியாமல் போகும் கடுமையான மனநோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று இரண்டில் வருவது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் வேகமாகத் தொடங்குவது. தூக்கமே தேவையில்லாதது போன்ற பரபரப்பு, இல்லாத குரல் கேட்பது, குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்பது போன்ற அசைக்க முடியாத நம்பிக்கை, மணிக்கு மணி மாறும் குழப்பம் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். சைக்கோசிஸ் வந்தவருக்கு அந்த எண்ணங்கள் பயமாகத் தெரியாது, உண்மையாகத் தெரியும். அப்படி இருந்தால் அடுத்த நாள் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போக வேண்டும்.

இவரிடம் அந்த அறிகுறிகள் எதுவும் இல்லை. ஆனாலும் என் கணிப்பு மட்டும் போதாது என்பதால் அடுத்த நாளே மனநல மருத்துவரைப் பார்க்க ஏற்பாடு செய்தேன். "குழந்தையை யாரும் வாங்க மாட்டாங்க. இந்த மாதிரி நினைப்பு நிறைய அம்மாக்களுக்கு வரும்" என்றேன். "நிறைய பேருக்கா?" என்று இரண்டு முறை கேட்டார்.

மருத்துவர் சொன்னது

மருத்துவர் முதலில் எழுதிக் கொடுத்தது ரத்தப் பரிசோதனை. பிரசவத்துக்குப் பிறகு தைராய்டு சுரப்பி அழற்சியடைவதும் ரத்தசோகையும் மனச்சோர்வு மாதிரியே களைப்பையும் படபடப்பையும் தரக்கூடியவை. தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.1தான், ரத்தசோகை இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கினார். பிறகு, எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகம், தூங்காமலே பல நாள் சுறுசுறுப்பு என்று இருந்ததுண்டா என்று விரிவாகக் கேட்டார். அந்த மாதிரி உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் நிலைமை மோசமாகலாம் என்பதால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே கூடாது. அதுவும் இல்லை.

செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து பற்றிப் பேச்சு வந்தபோது தாய் மறுத்தார். பாலில் கலக்கும் என்ற பயம். செர்ட்ராலின் தாய்ப்பாலில் சேரும் அளவு மிகக் குறைவு. பாலூட்டும் தாய்மாருக்கு மருத்துவர்கள் முதலில் யோசிக்கும் மருந்துகளில் அது ஒன்று. மருத்துவர் இதைச் சொல்லி, ஒரு வாரம் யோசிக்கச் சொல்லிவிட்டார். அவசரப்படுத்தாமல் அந்த ஒரு வாரத்தைக் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. தானே முடிவு செய்து எடுத்துக்கொண்ட மருந்தை அவர் ஒருநாள்கூட விடவில்லை. பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். சொல்லாமல் விட்டால் பத்தாம் நாளே "எனக்கு மருந்தும் கேட்கலை" என்று மனம் ஒடிந்துவிடும்.

என் பங்கு, வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் கேட்பது. எட்டு முறை என்று பேசிக்கொண்டோம். அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் ஓர் அனுபவம் இருக்கிறது. எடின்பரோ வினாத்தாளை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெனிஃபர் ஹோல்டன் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், குறுகிய பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாரம் ஒருமுறையாக எட்டு முறை போய் உட்கார்ந்து கேட்ட 26 தாய்மாரில் 18 பேர் குணமடைந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்த 24 பேரில் 9 பேர். சிறிய ஆய்வுதான். ஆனால் ஒருவர் அறிவுரை சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பதற்கு எவ்வளவு பலம் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அது.

அந்த எட்டில் மூன்று முறை அவர் தன் அம்மாவைப் பற்றி மட்டும்தான் பேசினார். குழந்தையின் காது தன் அம்மாவின் காது மாதிரியே இருப்பதை யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றார்.

இரவைப் பிரித்தது

இந்தக் குடும்பத்தில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது எது என்று கேட்டால், இரவைப் பிரித்ததைத்தான் சொல்வேன். இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை கணவரின் பொறுப்பு. கறந்து வைத்த பால் ஒரு வேளைக்கு. இரண்டு மணிக்கு மேல் தாய். காலையில் ஒரு மணி நேரம் மாமியார். விட்டு விட்டு எட்டு மணி நேரம் படுத்திருப்பதைவிட, சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரம் தூங்குவது மூளைக்கு அதிக நிம்மதி.

முதல் வாரம் படுதோல்வி. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, கணவர் தூக்குவது சரியா, குழந்தை ஏன் சிணுங்குகிறது என்று விழித்தபடியே இருந்தார். இரண்டாவது வாரம் வேறு அறை, மூடிய கதவு. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: நடப்பதையெல்லாம் கணவர் நோட்டில் எழுத வேண்டும். சரி என்றார் அவர். அதன் பிறகு நோட்டில் இரண்டாவது கையெழுத்து வந்தது. சாய்ந்த, பெரிய எழுத்து. "12.20 அழுதாள். தோளில் போட்டேன். நிறுத்தலை. 12.50 இன்னும் அழுகிறாள். 1.05 பாட்டு பாடினேன். 1.15 ரெண்டு பேரும் களைச்சுட்டோம். தூங்கிட்டாள்." மூச்சு பார்த்ததாக ஒரு வரிகூட இல்லை. அதைத்தான் தாய் கவனித்திருக்கிறார். "அவர் ஒரு தடவைகூடப் பாக்கலை. ஆனா காலையில அவ நல்லாத்தான் இருந்தா" என்றார், ஏதோ கண்டுபிடித்தவர் மாதிரி.

குழந்தைகளின் அழுகை பிறந்து இரண்டாவது வாரத்திலிருந்து கூடிக்கொண்டே போய், ஏறத்தாழ ஆறாவது வாரம் உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாகக் குறையும். நன்றாக இருக்கும் குழந்தையும் ஒரு நாளில் இரண்டு மூன்று மணி நேரம் அழலாம். அந்த உச்ச வாரங்களில் இவர் இதைத் தன் தோல்வியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். பிரசவத்துக்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய செய்தி இது.

கணவரும் மாமியாரும்

பத்தாவது வாரம் கணவர் என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். வேலை முடிந்ததும் உடனே வீட்டுக்கு வர முடியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு அதிலேயே அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே ஏறுகிறார். சின்ன விஷயத்துக்கும் கத்துகிறார். அதே வினாத்தாளில் அவருக்கு 11. புதிதாகத் தந்தையானவர்களில் பத்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. மனைவிக்கு வந்திருந்தால் கணவருக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆண்களிடம் அது பெரும்பாலும் கோபமாகவும் வேலைக்குள் ஒளிந்துகொள்வதாகவும்தான் வெளிப்படும். "அவளே இவ்வளவு கஷ்டத்துல இருக்கா, நான் போய் இதைச் சொல்றதா" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அவரோடும் பேசினேன். மருந்து தேவைப்படவில்லை.

மாமியாரிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். "நாங்கல்லாம் பெத்து வளர்க்கலையா" என்று ஒருநாள் மருமகள் காதுபடச் சொன்னார். ஐந்தாவது முறை போனபோது வழியனுப்ப வாசல் வரைக்கும் வந்தவர், கதவைச் சாத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "இவன் பொறந்தப்ப ஒரு மாசம் இவனை நான் தூக்கவே இல்ல. என் தங்கச்சிதான் பாத்துக்கிட்டா. சோம்பேறின்னு சொன்னாங்க. என்னாச்சுன்னு எனக்கே தெரியல." முப்பத்து மூன்று வருடம் யாரிடமும் சொல்லாதது. அன்றைக்கு அவருக்கு நான் சொன்னது ஒன்றுதான்: அது சோம்பேறித்தனம் இல்லை, அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அடுத்த முறை போவதற்குள் அவரே மருமகளிடம் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் "பெத்து வளர்க்கலையா" என்ற பேச்சு வரவில்லை.

வீட்டாரையும் உள்ளே கொண்டுவருவது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பெரிய அளவில் சான்று இருக்கிறது. அதீஃப் ரஹ்மான் குழுவினர் பாகிஸ்தான் கிராமப்புறத்தில் நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், மனநலப் படிப்பு இல்லாத கிராமச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டுக்கே போய்த் தாயோடும் குடும்பத்தோடும் பேச வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பயிற்சி இல்லாத பணியாளர்கள் பார்த்த தாய்மாரில் 53 சதவீதம்.

பின்னடைவும் பிறகும்

11-வது வாரம் தாயின் மதிப்பெண் 14. 13-வது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. நோட்டில் பதினைந்து நிமிடக் குறிப்புகள் திரும்பி வந்தன, மதிப்பெண் 16. எல்லாம் வீணாகிவிட்டது என்று மூவரும் நினைத்தார்கள். மருத்துவர் மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டினார். இரவைப் பிரிப்பதை ஒரு வாரம் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்கினோம். 18-வது வாரம் 8. ஆறாம் மாதம் 5.

ஐந்தாம் மாதம் அவர் கேட்ட கேள்வியை மறக்க முடியாது. "முதல் ரெண்டு மாசம் அவ முகத்தைப் பாத்துச் சிரிச்சதே இல்ல. அவளுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?" உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1970-களில் செய்த ஆய்வை அவர் எங்கோ படித்திருந்தார்: தாய் முகத்தை அசைக்காமல் இரண்டு மூன்று நிமிடம் இருந்தால் குழந்தை எப்படித் தவித்துப்போகிறது என்று காட்டியது அது. அதன் இன்னொரு பாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. தாயின் முகம் திரும்ப உயிர்பெற்றதும் குழந்தை கொஞ்சம் சிணுங்கிவிட்டு மறுபடி ஒட்டிக்கொள்கிறது. எந்தத் தாயும் குழந்தையும் முழு நேரமும் ஒத்துப்போவதில்லை. விலகுவதும் திரும்பச் சேர்வதுமாகத்தான் உறவு வளர்கிறது. நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மடியிலிருந்த குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள். அவர் சிரித்துவிட்டார்.

குழந்தை பிறந்ததுமே பாசம் பொங்கவில்லை என்ற குற்ற உணர்வு மட்டும் இன்னும் கொஞ்சம் மீதமிருக்கிறது. சிலருக்கு முதல் பார்வையிலேயே வரும். சிலருக்கு மாதக்கணக்கில் மெதுவாக ஊறும். அவருக்கு எப்போது வந்தது என்று கேட்டேன். படிக்கட்டில், என்றார். ஆறாம் மாதம் ஒருநாள் குழந்தையோடு கீழே இறங்கி முடித்த பிறகுதான், பயப்பட மறந்துபோனது நினைவுக்கு வந்ததாம்.

மருந்தை மருத்துவர் சொல்லாமல் நிறுத்தவில்லை. மனம் தேறிய பிறகும் பல மாதம் தொடர்ந்து, மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். முதல் வயது முடிந்தபோது நோட்டு எங்கே என்று கேட்டேன். ஏழாம் மாதத்தோடு எழுதுவதை விட்டுவிட்டதாகச் சொன்னார். கர்ப்பகாலக் குறிப்பேட்டை எடுத்து, "தாய்: இல்லை" என்ற இடத்தில் "2 வருடம் 5 மாதத்துக்கு முன் காலமானார்" என்று, அந்தக் குறிப்பை முதலில் எழுதிய நாளின் கணக்குப்படி திருத்தி எழுதினேன். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி சேர்த்தேன்: முதல் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு, அடுத்த கர்ப்பத்தில் முதல் சந்திப்பிலேயே மனநல மருத்துவருக்குத் தெரிவிக்கவும். அவர் அதைப் படித்துவிட்டு, "கணவரையும் கூப்பிடணும்னு எழுதுங்க" என்றார். எழுதினேன்.